தங்கையின் சிகிச்சைக்குப் பணம்: சிங்கப்பூரில் யாரிடம் கேட்பது?

உட்லண்ட்ஸ்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என் உடன்பிறப்புக்காகக் கேட்கிறேன். 23 வயது. இத்தனை காலம் தம்பி, இப்போது தங்கை. வீட்டில் எனக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். அப்பா அம்மாவிடம் எப்போது சொல்வது என்பது தங்கையின் விருப்பம், அதைப் பற்றி இங்கே அறிவுரை வேண்டாம். பணம் பற்றி மட்டும் கேட்கிறேன்.

நான் பராமரிப்புத் தொழில்நுட்பர். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டு பிள்ளைகள். தங்கைக்குக் கடை ஒன்றில் பகுதிநேர வேலை. பேங்காக்கில் அறுவை சிகிச்சை என்று தேடினால் வருகிற தொகையைப் பார்த்துத் தலை சுற்றுகிறது. மருத்துவத்துக்கென்று சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மெடிசேவ் பணத்தை எடுக்கலாமா? மெடிஷீல்டு காப்புறுதி தருமா? மாதாமாதம் என் சம்பளத்தில் சிண்டாவுக்கு, அதாவது இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்கு, பிடிக்கிறார்களே, அங்கே கேட்கலாமா? இணையத்தில் நிதி திரட்டினால் தப்பா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய சமூக ஊழியர் எழுதியது:

தம்பி, நான் மருத்துவமனையில் மருத்துவச் சமூக ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவள். கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மெடிஷீல்டு லைஃப் எதற்கெல்லாம் தராது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பால்மாற்று அறுவை சிகிச்சை அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. வெளிநாட்டு மருத்துவமனைக்கு மெடிசேவ் என்றால், மலேசியாவில் உள்ள சில மருத்துவமனைகளுக்குத்தான் ஏற்பாடு உண்டு, அதற்கும் இங்கிருந்தே பரிந்துரை வேண்டும். தாய்லாந்துக்குக் கிடையாது. ஆகவே பேங்காக் அறுவைக்கு மெடிசேவ் என்ற எண்ணத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

சிண்டா 1991இல் தொடங்கியது. பெரும்பாலும் பிள்ளைகளின் படிப்பு, கஷ்டத்தில் இருக்கும் குடும்பங்கள், அதுதான் அவர்கள் வேலை. வீட்டில் சாப்பாட்டுக்கே வழி இல்லை என்றால் போய்க் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். அறுவைக்கு என்று கேட்கப் போகாதீர்கள்.

ஆனால் ஒன்று. நீங்கள் மொத்தத் தொகையை ஒரே எண்ணாகப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். அதை உடைத்துப் பாருங்கள். மனநல மருத்துவரின் மதிப்பீடு, ஹார்மோன், ரத்தப் பரிசோதனை, பெயர் மாற்றம், கடைசியில் வேண்டுமென்றால் அறுவை. இதில் முன்னால் வருவது எல்லாமே நம் பொதுத்துறை மருத்துவமனைகளிலேயே நடக்கிற காரியம். அங்கே சலுகைக் கட்டணம் கிடைக்குமா, முழுக் கட்டணமா என்பது நீங்கள் எந்த வாசல் வழியாக நுழைந்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

அரசாங்க பாலிகிளினிக் போய், அங்குள்ள மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கி, மனநலக் கழகத்துக்கோ வேறு பொது மருத்துவமனைக்கோ போனால் சலுகை பெறும் நோயாளி. நேராக நிபுணரிடம் முன்பதிவு செய்தால் தனியார் நோயாளி. பின்னால் மாறிக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். அது லேசில் நடக்காது. ஒவ்வொரு வருகைக்கும், ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் அந்த வித்தியாசம் கூடவே வரும். காத்திருக்கும் காலம் நீளம்தான், அதனால்தான் பலர் பொறுமை இழந்து தனியாரிடம் ஓடுகிறார்கள்.

தேக்கா மல்லி எழுதியது:

அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் பேங்காக்கில் செய்துகொண்டவள், அதனால் அந்தப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

மருத்துவமனை அனுப்பும் விலைப்பட்டியலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள் தம்பி. எனக்கு அறுவைக்கு மட்டும் 20,000 வெள்ளிக்குப் பக்கம் ஆனது. அதற்கு மேல் செலவானதைக் கேளுங்கள். வார்டிலிருந்து அனுப்பிய பிறகும் உடனே விமானம் ஏற விடமாட்டார்கள். பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கி, திரும்பத் திரும்பக் காட்ட வேண்டும். துணைக்கு ஒருவர் வேண்டும், அவருக்கும் டிக்கெட், சாப்பாடு, அவர் வேலையில் சம்பளமில்லா விடுப்பு. தாய்லாந்து மருத்துவ மன்றத்தின் விதிப்படி மனநல மருத்துவர்களின் மதிப்பீடு வேண்டும். இங்கிருந்து கடிதம் கொண்டு போனாலும் அங்கே ஒருவர் உட்கார வைத்துப் பேசுவார், அதற்குத் தனிக் கட்டணம்.

அப்புறம் வேலை. அங்கே கொடுக்கும் எம்சியை (மருத்துவ விடுப்புச் சான்றை) இங்குள்ள முதலாளி ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்று இல்லை. என் முதலாளி ஏற்கவில்லை. ஆண்டு விடுப்பு முழுவதும் அதிலேயே போய், மீதி நாளுக்குச் சம்பளம் வெட்டு.

யாரும் சொல்லாத செலவு ஒன்று உண்டு. அறை. அறுவை முடிந்து மாதக்கணக்கில் தினமும் பல தடவை, புதிதாக அமைத்த பாதை சுருங்காமல் இருக்க, டைலேட்டர் வைத்துப் படுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம், சுத்தம் செய்யும் நேரம் தனி. மூவறை வீட்டில், தங்கச்சியோடு ஒரே அறையில் படுக்கிற ஆள் இதை எங்கே செய்வது? நான் கொஞ்ச நாள் குளியலறையில் செய்தேன். கதவுக்கு வெளியே அப்பா நின்றுகொண்டு, 'உள்ளே தூங்கிட்டியா' என்று தட்டிக்கொண்டே இருப்பார். கடைசியில் வெளியே அறை எடுத்தேன். வீவக அறை என்றால் குறைந்தது 6 மாதத்துக்கு எடுக்க வேண்டும், முன்பணம் வேறு. அந்த வாடகையை நான் கணக்கிலேயே வைத்திருக்கவில்லை, அதற்குத்தான் கடன் வாங்க நேர்ந்தது.

கணக்கு கேட்பவன் எழுதியது:

யாரையும் புண்படுத்த எழுதவில்லை. ஆனால் பொதுப் பணத்தில் இதற்கு ஏன் உதவ வேண்டும்? என் அம்மாவுக்கு முட்டி அறுவைக்கே எவ்வளவு அலைந்தோம். உலகச் சுகாதார நிறுவனமே இது மனநோய் இல்லை என்று சொல்லிவிட்டது என்கிறார்கள். நோய் இல்லை என்றால் காப்புறுதி எதற்கு? ஆசைப்பட்டுச் செய்துகொள்வதற்குச் சொந்தக் காசைப் போட வேண்டியதுதானே.

பழைய சமூக ஊழியர் எழுதியது:

தம்பி, நீங்கள் கொடுக்கும் மெடிஷீல்டு லைஃப் சந்தாவிலிருந்து இந்த அறுவைக்கு ஒரு காசும் போகவில்லை. அதைத்தான் மேலே எழுதினேன். ஆக நீங்கள் பயப்படுகிற செலவு இப்போது நடக்கவே இல்லை.

மனநோய் இல்லை என்பது சரி. 2019இல் ஏற்று 2022இல் நடைமுறைக்கு வந்த புதிய நோய் வகைப்பாட்டில், இதை மனநலப் பகுதியிலிருந்து எடுத்து பாலியல் நலம் தொடர்பான பகுதியில் வைத்தார்கள். வகைப்பாட்டிலிருந்தே தூக்கவில்லை. ஏன் தெரியுமா? தூக்கிவிட்டால் மருத்துவ வசதி கிடைக்காமல் போய்விடும் என்றுதான். பிரசவமும் நோய் இல்லை. அதற்கு மெடிசேவ் எடுக்க விடுகிறார்களா இல்லையா?

அம்மாவின் முட்டி இப்போது எப்படி இருக்கிறது? மருத்துவச் சமூக ஊழியரைப் பார்த்தீர்களா? பில் கட்ட முடியாமல் போனால் மெடிஃபண்டு என்று அரசு உதவி நிதி ஒன்று 1993லிருந்து இருக்கிறது, அவர்கள் மூலமாகத்தான் விண்ணப்பிக்க முடியும்.

கணக்கு கேட்பவன் எழுதியது:

முட்டி பரவாயில்லை, நடக்கிறார். மெடிஃபண்டு தேவைப்படவில்லை, அண்ணன் தம்பிகள் பிரித்துக் கட்டினோம். பிரசவம் பற்றிச் சொன்னது நியாயம்தான். ஆனாலும் அறுவை வரை பொதுப் பணம் என்றால் எனக்கு இன்னும் ஒப்பவில்லை. ஹார்மோன், ஆலோசனை என்றால் சரி.

தேக்கா மல்லி எழுதியது:

ஒப்பாவிட்டால் பரவாயில்லை அண்ணே. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஊரில் அடையாள அட்டையில் பாலினத்தை மாற்ற வேண்டும் என்றால் அறுவை முடிந்ததற்கு மருத்துவச் சான்று கொண்டு வா என்கிறார்கள். அட்டை மாறாதவரை ஒவ்வொரு வேலை நேர்முகத்திலும், வங்கியிலும், குடிநுழைவிலும் முழிக்க வேண்டும். ஒரு பக்கம் அறுவை கட்டாயம், இன்னொரு பக்கம் அது உன் சொந்த ஆசை, சொந்தக் காசு. அதைத்தான் ஆசை என்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். இந்த அறுவையை இங்கே முதலில் செய்தவர் நம் ஆள். பேராசிரியர் ஷண் ரத்னம், இலங்கையில் பிறந்த தமிழர். 1971 ஜூலை 30, கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை. சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை 1983இல் கொண்டுவந்ததும் அவர் குழுதான். நம்மவர்கள் அந்த இரண்டாவதை மட்டும் மேடையில் சொல்வார்கள். 1973இல் அடையாள அட்டையை மாற்றிக் கொடுத்தார்கள், 1996இல் பெண்கள் சாசனம் என்ற திருமணச் சட்டத்தைத் திருத்தி அறுவை செய்துகொண்டவர்கள் திருமணம் செய்யவும் வழி விட்டார்கள். அந்தக் காலத்தில் தாய்லாந்துக்கு ஓடத் தேவை இருக்கவில்லை, இங்கேயே வரிசையில் நின்றார்கள்.

மதுரைப் பையன் எழுதியது:

நான் எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் இங்கே வேலை செய்கிறேன். திருநங்கை, ஆனால் வேலையிடத்தில் யாருக்கும் தெரியாது. ஊரில் அரசு மருத்துவமனையில் இலவசம் என்கிறார்களே, இந்த அண்ணன் தன் தங்கையை அங்கே கூட்டிப் போகலாமே?

பழைய சமூக ஊழியர் எழுதியது:

அவர்களுக்குப் பொருந்தாது அம்மா, உங்களுக்குப் பொருந்தும். தமிழ்நாட்டில் 2008இல் திருநங்கைகள் நல வாரியம் அமைத்தார்கள், இந்தியாவிலேயே அதுதான் முதல். அரசு மருத்துவமனையில் கட்டணமில்லாமல் அறுவை என்பது அதை ஒட்டி வந்தது. 2019இல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்திலும் சிகிச்சைக்கு அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று இருக்கிறது. 2022இல் ஒன்றிய அரசு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு என்று அறிவித்தது. எல்லாம் இந்தியக் குடிமக்களுக்கு. சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர் போனால் தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துத்தான் செய்துகொள்ள வேண்டும்.

நீங்கள் ஊருக்குப் போகும்போது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பித்து அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வேலை அனுமதியில் இருப்பவருக்கு மருத்துவமனைச் சலுகை எதுவும் கிடையாது.

மதுரைப் பையன் எழுதியது:

நன்றி அம்மா. பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், இந்தக் கணக்கு தொடங்கும்போது வைத்தது, மாற்றத் தெரியவில்லை.

நெறியாளர் எழுதியது:

தனிமடல் அனுப்புங்கள், பெயரை மாற்றித் தருகிறேன். மற்றவர்களுக்கு: மருந்தின் அளவு, மருத்துவர் சீட்டில்லாமல் எங்கே வாங்குவது என்பதெல்லாம் இந்த இழையில் வேண்டாம். ஏற்கெனவே இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன்.

பிடோக் எழுதியது:

எடுத்ததில் ஒன்று என் நண்பனுடையது. நானே அவனிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். நான் திருநம்பி. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறேன். எண்ணெய் மாதிரி கெட்டியான மருந்து, பிருஷ்டத்தில் மெதுவாக ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் அடுத்த நாள் பேருந்து இருக்கையில் உட்கார முடியாது. ஊசி அப்படி ஒன்றும் விலை இல்லை. ரத்தப் பரிசோதனைக்குத்தான் காசு, அதனால் அதைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். ஆனால் இந்த மருந்தில் சிவப்பணு ஏறும், ரத்தம் கெட்டியாகும். எனக்கு ஒரு தடவை ஏறியது. மருத்துவர் ஊசிகளுக்கு இடைவெளியைக் கூட்டினார், இறங்கியது. பரிசோதனை எடுக்காமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. பெண்கள் பக்கம் ஆண் ஹார்மோனை அடக்க ஸ்பைரனோலாக்டோன் எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் பார்க்க வேண்டும், சைப்ரோடெரோன் என்றால் கல்லீரல் பார்க்க வேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று பரிசோதனையை வெட்டாதீர்கள். வேறு எதையாவது வெட்டுங்கள்.

நான் தொடங்கியது தனியார் கிளினிக்கில். சீக்கிரம் கிடைத்தது, ஆனால் ஒவ்வொரு முறையும் பில்லைப் பார்த்து வயிறு எரிந்தது. பிறகு அக்கா சொன்ன மாதிரி பாலிகிளினிக்கிலிருந்து ஆரம்பித்து வந்தேன். முதல் சந்திப்புக்கு மாதக்கணக்கில் காத்திருந்தேன். இப்போது கட்டணம் பழையதில் ஒரு பங்குதான்.

உட்லண்ட்ஸ்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். சலுகைக்கு வீட்டு வருமானம் பார்ப்பார்கள் இல்லையா? தங்கை அப்பா அம்மா முகவரியில் இருக்கிறாள். அவர்கள் கையெழுத்துப் போட வேண்டி வந்தால் எதற்கு என்று கேட்பார்களே.

பழைய சமூக ஊழியர் எழுதியது:

நல்ல கேள்வி, இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். வருமானச் சோதனைக்கு ஒரே முகவரியில் இருக்கும் குடும்பத்தார் சம்மதிக்க வேண்டி வரலாம். ஆனால் எந்த நோய்க்கு என்று அந்தப் படிவத்தில் எங்கும் இருக்காது. வருமானத்தைப் பார்த்து மருத்துவச் சலுகை தரும் சாஸ் அட்டை எல்லாக் குடும்பமும் எடுப்பதுதானே. 'நீல அட்டையோ ஆரஞ்சு அட்டையோ கிடைத்தால் அப்பாவின் சர்க்கரை மாத்திரைக்கும் உதவும்' என்று சொல்லி வீட்டுக்கே மொத்தமாக விண்ணப்பியுங்கள். அது பொய்யும் இல்லை.

அதைவிடக் கவனிக்க வேண்டியது கடிதம். முன்பதிவு, பில் எதுவும் அஞ்சலில் வீட்டுக்கு வராதபடி மின்னியல் அறிவிப்பாக மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அப்பாவின் மெடிசேவிலிருந்து எதையும் கட்டாதீர்கள், அவருடைய கணக்கில் அது தெரியும். உறையைப் பார்த்து வீட்டில் பிரளயம் வந்ததை நான் வேலையில் இருந்தபோது பார்த்திருக்கிறேன்.

மனச்சோர்வோ பதற்றக் கோளாறோ இருந்தால் அதற்குத் தனி வழி உண்டு. அவை நாட்பட்ட நோய்த் திட்டத்தில் வருகின்றன, சொந்த மெடிசேவிலிருந்து ஆண்டுக்கு 500 வெள்ளி, சிக்கலான நிலை என்றால் 700 வெள்ளி வரை வெளிநோயாளிச் சிகிச்சைக்கு எடுக்கலாம். பாலின மாற்றச் சிகிச்சை அந்தப் பட்டியலில் இல்லை.

சீட்டுக்காரர் எழுதியது:

நாங்கள் நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் போடுகிறோம். முதல் சீட்டையே உங்களுக்குத் தரச் சொல்கிறேன். இல்லாவிட்டால் கடன் கொடுக்கும் கடைகள் தேக்காவிலும் சைனாடவுனிலும் நிறைய இருக்கின்றன, உரிமம் உள்ளவர்கள்தான்.

தேக்கா மல்லி எழுதியது:

நல்ல மனசுதான், ஆனால் உரிமமில்லாமல் சீட்டு நடத்துவது இங்கே சட்டப்படி சரியில்லை. யாராவது ஒருவர் காணாமல் போனால் காவல் நிலையத்தில் போய்ச் சொல்லவும் முடியாது.

உரிமம் பெற்ற கடன்காரரிடம் நான் வாங்கியிருக்கிறேன், அறை வாடகைக்கு. மாதத்துக்கு 4 விழுக்காடு வரை வட்டி போடலாம், ஆரம்பக் கட்டணமாக 10 விழுக்காடு வரை பிடித்துக்கொண்டு கொடுக்கலாம், இரண்டும் சட்டப்படி. 5,000 வெள்ளி வாங்கினால் கைக்கு 4,500 வரும், முதல் மாத வட்டியே 200 வெள்ளி. ஆண்டு வருமானம் 20,000 வெள்ளிக்குக் கீழே உள்ள சிங்கப்பூரர்களுக்கு மொத்தமே 3,000 வெள்ளிக்கு மேல் கொடுக்க மாட்டார்கள். பகுதிநேர வேலை பார்க்கும் உங்கள் தங்கைக்கு அவ்வளவுதான். ஆக உங்கள் பெயரில்தான் வாங்க வேண்டி வரும். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள் தம்பி. அறுவை அடுத்த ஆண்டும் செய்யலாம்.

பிடோக் எழுதியது:

நிதி திரட்டுவது பற்றி யாரும் சொல்லவில்லையே. என் தோழி ஒருத்தி செய்தாள். படமும் கதையும் போட்டால்தான் காசு விழும். கதை போட்டாள், கொஞ்சம் விழுந்தது. அந்த இணைப்பை யாரோ அவளுடைய சித்தி இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அன்றைக்கே வீட்டை விட்டு வெளியே வர வேண்டியதாயிற்று. திரட்டிய பணம் அறைக்கும் சாப்பாட்டுக்கும் போனது, சிகிச்சைக்கு மிஞ்சவில்லை. பெயர், படம் இல்லாமல், தெரிந்தவர்களுக்குள் மட்டும் கேட்பது வேறு. நம் சமூகம் சின்னது, மூன்றாவது ஆளுக்கு உங்கள் அத்தையைத் தெரிந்திருக்கும்.

கணக்கு கேட்பவன் எழுதியது:

இப்படியெல்லாம் நடக்கிறதா? சரி, அந்த மாதிரி வெளியே வந்தவர்கள் எங்கே போவார்கள்?

தேக்கா மல்லி எழுதியது:

தி டி புராஜெக்ட் என்று இருக்கிறது அண்ணே. 2014இல் திருநங்கை ஒருவரும் அவருடைய சகோதரியும் சேர்ந்து ஆரம்பித்த தங்குமிடம். பேச ஆள் வேண்டும் என்றால் ஊகாசாகா, 1999லிருந்து ஆலோசனை கொடுக்கிறார்கள், வாட்ஸ்அப்பிலும் பேசலாம். எந்த மருத்துவமனையில் என்ன நடைமுறை என்று டிரான்ஸ்ஜெண்டர் எஸ்ஜி இணையத்தளத்தில் போட்டிருக்கிறார்கள். இவர்கள் யாரும் அறுவைக்குக் காசோலை எழுத மாட்டார்கள். ஆனால் தலைக்கு மேல் கூரை இருந்தால் சம்பாதிப்பது நிலைக்கும், சம்பாதிப்பது நிலைத்தால் மற்றதும் நடக்கும். சாப்பாடு, வாடகைக்குத் திண்டாட்டம் என்றால் சமூகச் சேவை அலுவலகத்தில் காம்கேர் என்ற அரசு உதவி கேட்கலாம், அதற்கு ஆணா பெண்ணா என்பது கணக்கில்லை.

உங்களுக்குக் கொடுக்க மனமிருந்தால் அறுவைக்குக் கொடுக்க வேண்டாம், தங்குமிடத்துக்குக் கொடுங்கள். உங்கள் கொள்கையும் கெடாது.

கணக்கு கேட்பவன் எழுதியது:

நன்றாகவே மடக்கிவிட்டீர்கள். பார்க்கிறேன்.

உட்லண்ட்ஸ்காரன் எழுதியது:

இந்த இழையை நேற்று தங்கையிடம் காட்டினேன். அவளே எழுதுகிறேன் என்கிறாள். அவள் கணக்கு இன்றைக்குத்தான் அனுமதி ஆனது.

தங்கைதான் எழுதியது:

வணக்கம். எல்லாவற்றையும் படித்தேன். அண்ணன் எக்செல் கோப்பு ஒன்று வைத்திருக்கிறார், அதில் பேங்காக் விமான டிக்கெட் வரைக்கும் இருக்கிறது. நான் அறுவை வேண்டும் என்று அவரிடம் சொல்லவே இல்லை. வேண்டுமா என்று எனக்கே இன்னும் தெரியாது. தெரிந்தால் சொல்கிறேன்.

எனக்கு இப்போது வேண்டியது வேறு. ஹார்மோன் தொடங்க வேண்டும். பெயர் மாற்ற வேண்டும். முழுநேர வேலை வேண்டும், அதுவும் குரலைக் கேட்டதும் முகம் மாறாத இடத்தில். போன வாரம் ஒரு நேர்முகத்தில் தொலைபேசியில் பேசியபோது எல்லாம் சரி, நேரில் போனதும் 'இடம் நிரம்பிவிட்டது' என்றார்கள். அந்தப் புதிய வேலையிட நியாயச் சட்டம் இதற்கு உதவுமா? பெயர் மாற்ற எவ்வளவு ஆகும்? அதற்கும் அறுவைச் சான்று கேட்பார்களா?

பிடோக் எழுதியது:

வா மா. பெயருக்கு அறுவை தேவையில்லை. 21 வயது ஆகிவிட்டதால் யார் சம்மதமும் வேண்டாம். வழக்கறிஞர் அலுவலகத்தில் பெயர் மாற்றப் பத்திரம், எனக்கு நூறு வெள்ளிக்குள் முடிந்தது. பிறகு அடையாள அட்டையில் பதிய வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். அட்டையில் பாலினம் பழையதாகவே இருக்கும், ஆனால் கூப்பிடும் பெயர் மாறும். வேலைக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன்பே மாற்றிவிடு, இல்லாவிட்டால் சம்பளம், வங்கி, சிபிஎஃப் சேமநிதி எல்லாம் இரண்டு பெயரில் கிடக்கும். படிப்புச் சான்றிதழ் பழைய பெயரில்தான் இருக்கும், பத்திரத்தின் நகலை அதோடு வைத்துக்கொள். வீட்டில் பெற்றோருக்குத் தெரியாது என்று அண்ணன் சொன்னாரே, அதை யோசித்துச் செய். அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போனால் முடிந்தது.

பழைய சமூக ஊழியர் எழுதியது:

வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வயது, இனம், மொழி, உடற்குறை, மனநலம் எல்லாம் இருக்கின்றன, பாலின அடையாளம் அதில் இல்லை. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டிகள் இதற்கும் பொருந்தும் என்று மனிதவள அமைச்சு சொல்கிறது. ஆனால் நீ கேட்ட மாதிரி 'இடம் நிரம்பிவிட்டது' என்று சொல்லி அனுப்பினால் எதை வைத்து நிரூபிப்பது? நேரத்தையும் மனசையும் அதில் போடுவதா, அடுத்த விண்ணப்பத்தில் போடுவதா என்பதை நீதான் தீர்மானிக்க வேண்டும். நான் உன் இடத்தில் இருந்தால் அடுத்ததைப் போடுவேன். ஆனால் அன்றைக்கு நடந்ததைத் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்.

உட்லண்ட்ஸ்காரன் எழுதியது:

கோப்பிலிருந்து விமான டிக்கெட்டை எடுத்துவிட்டேன். பேங்காக் பக்கத்துக்கு ஒதுக்க நினைத்திருந்த மாதத் தொகையை அவள் பெயரில் தனிக் கணக்கில் போடுகிறேன். மருந்தோ பேருந்துக் கட்டணமோ, எதற்கு எடுக்கிறாள் என்று கேட்கப் போவதில்லை. வரும் செவ்வாய் எனக்கு ஓய்வு நாள், பாலிகிளினிக்குக் கூடப் போகிறேன்.

தங்கைதான் எழுதியது:

நான் தனியாகவே போய்க்கொள்வேன் அண்ணா, நீ பிள்ளைகளைப் பார். சமூக ஊழியர் அம்மாவிடம் ஒரு கேள்வி. குரல் பயிற்சி என்று யூடியூபில் பார்த்து நானே செய்கிறேன், தொண்டை கட்டிக்கொள்கிறது. அதற்கும் மருத்துவமனையில் சலுகை உண்டா, அல்லது அது தனியாரா?

பழைய சமூக ஊழியர் எழுதியது:

தொண்டை கட்டினால் உடனே நிறுத்திவிடு, தண்ணீர் குடி. பொது மருத்துவமனைகளில் பேச்சுச் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள், குரலுக்கென்று பயிற்சி பெற்றவர்களும் உண்டு. செவ்வாய்க்கிழமை பாலிகிளினிக் மருத்துவரிடம் ஹார்மோன் பற்றிப் பேசும்போதே குரலையும் சொல். தொண்டை கட்டுவதையும் சொல், அது மருத்துவக் காரணம். காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குத் தனிக் கடிதம் வேண்டும் என்று அன்றைக்கே கேட்டு வாங்கு. கொடுக்க மறுத்தால் இங்கே வந்து எழுது, அடுத்து யாரைக் கேட்பது என்று சொல்கிறேன்.